ஆயிரம் பொற்கொல்லரும் ஒரு செக்கும்

தலைவரை வளர்ப்பது அநுபவமா, அநுபவத்தைப் பற்றிய சிந்தனையா? கொற்கை தொடங்கித் தூத்துக்குடி வரை ஒரு விசாரணை.

ஏரலிலிருந்து வாழைத் தோட்டங்களின் ஊடே வளைந்து செல்லும் பாதையில் கொற்கைக்குள் நுழைகிறவருக்கு, பாண்டியரின் பெருந்துறைமுகம் இதுதான் என்று யாராவது சொன்னால் ஒழிய, அதை நம்புவதற்கு ஏற்ற அடையாளம் ஒன்றும் கண்ணில் படாது. கடல் ஏழெட்டுக் கிலோமீட்டர் கிழக்கே ஒதுங்கிவிட்டது. அலையின் ஓசை இருந்த இடத்தில் இப்போது வாழையிலைகள் காற்றில் கிழிபடும் சலசலப்புத்தான் கேட்கிறது. இரண்டாயிரம் ஆண்டு வயதென்று ஊரார் பெருமையோடு சொல்லும் வன்னிமரம், முறுக்கேறிய அடிமரத்தோடு விநாயகர் கோயிலை ஒட்டி நிற்க, அதன் நிழலில் தார் வெட்டி வந்தவர்கள் தலைச்சும்மாட்டை அவிழ்த்து உதறிக்கொண்டு சற்றே இளைப்பாறுகிறார்கள். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வயல்வரப்பில் குனிந்து பார்த்தால், அறுத்த சங்கின் துண்டும் கறுப்பு சிவப்புப் பானையோடும் சேற்றிலிருந்து கழுவப்பட்டு மேலே கிடக்கும்.

இந்தச் சிற்றூருக்கு, முத்தின் புகழைத் தவிர வேறொரு பெருமையும் உண்டு. பாண்டிய அரசில் பட்டத்துக்கு உரியவர்கள் மதுரையில் அரியணை ஏறுவதற்கு முன்னர் தங்கி ஆட்சி பழகிய இடம் கொற்கை என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் மரபு. நட்சத்திர ஹோட்டல்களில் இரண்டு நாள் வகுப்பு நடத்தித் தலைமைப் பண்பைப் பயிற்றுவிப்பதாக விளம்பரங்கள் வெளியாகிற இக்காலத்தில், நகராட்சி உறுப்பினரிலிருந்து நிறுவன மேலாளர் வரை எல்லாரும் 'அநுபவமே ஆசான்' என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் பெறுகிற இச்சமயத்தில், அந்தப் பழமொழி எவ்வளவு தூரம் மெய் என்று விசாரிப்பதற்குக் கொற்கையைவிடப் பொருத்தமான இடம் அமையாது. ஏனெனில், அநுபவத்திலிருந்து தவறான பாடத்தைக் கற்றுக்கொண்ட ஓர் அரசன் புறப்பட்டதும் இந்த ஊரிலிருந்துதான்.

பிழையை ஏற்றவனும் பழியை மாற்றியவனும்

கதை தமிழருக்குப் புதியதன்று. அரண்மனைப் பொற்கொல்லன் ஒருவனின் வாய்ச்சொல்லை நம்பி, பொருளைச் சோதித்துப் பாராமலும் குற்றம் சாட்டப்பட்டவனை அழைத்துக் கேளாமலும், கோவலனுக்கு மரண தண்டனை விதித்தான் பாண்டியன் நெடுஞ்செழியன். கண்ணகி நீதி கேட்டு வந்து நின்றபோது, தன் தேவியின் சிலம்புக்குள் இருப்பவை முத்துக்கள் என்று அரசனே வாக்குமூலம் தந்தான். அவள் உடைத்த சிலம்பிலிருந்து தெறித்தது மாணிக்கம். அந்தக் கணத்திலேயே, குற்றத்தை அமைச்சர் மீதோ காவலர் மீதோ சுமத்தாமல், தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அரசன் உயிர் துறந்தான் என்கிறது சிலப்பதிகாரம். அந்த ஒப்புதலின் மேன்மையை இரண்டாயிரம் ஆண்டாகப் போற்றி வருகிறோம். ஆனால் அடுத்து நிகழ்ந்ததைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

அப்போது கொற்கையில் இருந்த இளவரசன் வெற்றிவேற்செழியன், மதுரை எரிந்து நாடு வறட்சியில் வாடியபோது, கண்ணகியின் சினத்தைத் தணிக்க ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் பலியிட்டான் என்று அதே காப்பியம் தெரிவிக்கிறது. பின்னர் மழை பெய்தது, நாடு செழித்தது, விழாவும் நடந்தது. அக்காலத்து நம்பிக்கையின்படி அது சாந்தி. ஆட்சியியல் நோக்கில் பார்த்தாலோ, பேரிழப்பு ஒன்றிலிருந்து ஒரு தலைவன் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடங்களில் மிக மோசமானது. விசாரணையின்றித் தண்டித்ததே முந்தைய அரசனின் பிழை என்றால், அதற்குப் பரிகாரமாக ஆயிரம் பேரை விசாரணையின்றிக் கொன்றது அந்தப் பிழையை ஆயிரம் மடங்காகத் திரும்பச் செய்ததே ஆகும். 'எப்படி நேர்ந்தது?' என்ற கேள்வி எழவேண்டிய இடத்தில் 'யாரால் நேர்ந்தது?' என்ற கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. பாண்டியரின் நாணயச்சாலை இருந்ததாக மரபு சொல்லும் அக்கசாலை கொற்கைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதை நினைக்கும்போது, பலியான தொழிலாளருள் சிலரை அந்த இளவரசன் நேரிலே அறிந்திருப்பானோ என்ற எண்ணமும் எழாமல் இல்லை.

இது பழங்கதை என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை. பாலம் இடிந்தால் ஓர் இளநிலைப் பொறியாளரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்வதும், தேர்தலில் தோற்றால் மாவட்டச் செயலாளரை மாற்றுவதும், ஆலையில் விபத்து நேர்ந்தால் அன்றைய ஷிப்டு மேற்பார்வையாளரை வீட்டுக்கு அனுப்புவதும் அந்தச் சாந்தியின் இக்கால வடிவங்களே அல்லாமல் வேறென்ன?

---

பெட்டிச் செய்தி: கொற்கை

• தூத்துக்குடி மாவட்டத்தில், தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியில் உள்ள சிற்றூர். ஆறு கொண்டுவந்து சேர்த்த வண்டலால் கடல் விலகியது.

• கிரேக்க, ரோமானியப் பயண நூல்கள் இதைக் 'கொல்கை' என்று குறிக்கின்றன. பாண்டியரின் முத்துக் குளிப்பில் இங்கே தண்டனைக் கைதிகள் ஈடுபடுத்தப்பட்டதாகப் பெரிப்ளூஸ் என்ற கடல்வழி நூல் சொல்கிறது.

• 19-ஆம் நூற்றாண்டில் கால்டுவெல் இங்கே அகழ்ந்து ஆராய்ந்தார். 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரியின் காலம் ஏறத்தாழ கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது. 2021-இல் மீண்டும் அகழாய்வு நடைபெற்றது.

• துறைமுகத் தொழில் கொற்கையிலிருந்து காயலுக்கும், அங்கிருந்து தூத்துக்குடிக்கும் பெயர்ந்தது.

---

கப்பல் கற்பித்த பாடம்

அந்தத் தூத்துக்குடியில்தான், பிழையையும் தோல்வியையும் வேறு விதமாக எதிர்கொண்ட ஒரு தலைவர் தோன்றினார். 1872 செப்டம்பர் 5-ஆம் நாள் ஓட்டப்பிடாரத்தில் பிறந்து, வக்கீல் தொழிலில் நற்பெயர் ஈட்டி, 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்த வ.உ. சிதம்பரம் பிள்ளையை, அவருடைய தியாகத்துக்காக நாடு வணங்குகிறது. தியாகத்தின் ஒளியில், அவர் ஒவ்வொரு அடியிலும் கற்றுக்கொண்டே நடந்தவர் என்ற செய்தி மங்கிப்போய்விட்டது.

கம்பெனியின் மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தலைவர் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். எல்லாம் இருந்தும் சொந்தமாகக் கப்பல் இல்லை. வாடகைக்கு எடுத்த கப்பல்களைக் கொண்டு தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே போக்குவரத்துத் தொடங்கிற்று. பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் நிர்ப்பந்தத்தால் வாடகைக்குக் கொடுத்தவர்கள் கப்பல்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டபோது, சுதேசிக் கம்பெனி கரையில் நின்றது. இங்கே இரண்டு வழிகள் திறந்திருந்தன. துரோகம் செய்தவர்களைத் தூற்றிக் கூட்டம் போடுவது ஒன்று. கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் அந்நாளில் அரிதன்று. பிறர் கப்பலை நம்பி நடத்துகிற கம்பெனி பிறர் தயவில்தான் நடக்கும் என்பதை உணர்ந்து அந்தப் பலவீனத்தை நீக்குவது மற்றொன்று. சிதம்பரம் பிள்ளை, கப்பலோடுதான் திரும்புவேன் என்று உறுதிகொண்டு பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907-இல் 'காலியா', 'லாவோ' என்ற இரு கப்பல்கள் கம்பெனிக்குச் சொந்தமாயின.

எதிரிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் இலவசமாகவே பிரயாணிகளை ஏற்றிக் குடையும் கொடுத்தது என்பது தூத்துக்குடியில் இன்றும் சொல்லப்படுகிற செய்தி. வியாபாரிகளின் சுதேச பக்தி மட்டும் கப்பலை ஓட்டிவிடாது என்பது அப்போது தெளிவாயிற்று. 1908 பிப்ரவரி இறுதியில் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கள் பக்கம் நின்றார்கள். பங்குதாரர்களைத் தேடிப் போன ஒரு கம்பெனித் துணைச் செயலாளர், இரண்டே ஆண்டுகளுக்குள், கூலி உயர்வும் ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கேட்ட ஆலைத் தொழிலாளியின் பிரதிநிதியாக மாறினார். வேலைநிறுத்தம் வெற்றியும் பெற்றது. தன் இயக்கம் எந்த மக்கள் மீது நிற்கவேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டது புத்தகத்தில் அன்று, மில் வாசலில்.

வெற்றியின் விலை உடனே வந்தது. 1908 மார்ச் 12-ஆம் நாள் அவர் கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. அரசு அலுவலகங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஜூலையில் நீதிபதி பின்ஹே விதித்த தண்டனை, இரண்டு ஆயுள்தண்டனைகளாக மொத்தம் 40 ஆண்டு. மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. ஆனால் கம்பெனிக்கு மேல்முறையீடு எதுவும் இருக்கவில்லை: உயிராக இருந்தவர் சிறைக்குள் இருக்க, 1911-இல் அது கலைக்கப்பட்டது. ஒரே மனிதரின் சக்தியில் எழுந்த ஸ்தாபனம் அந்த மனிதர் விலகியதும் சாயும் என்ற பாடம், தமிழகத்தின் எத்தனையோ சங்கங்களுக்கும் கட்சிகளுக்கும் இன்னமும் புதிய பாடமாகவே இருந்துவருகிறது.

சிறைக்குள் ஒரு குருகுலம்

கோயம்புத்தூர்ச் சிறையில், மாட்டைப் பூட்ட வேண்டிய செக்கில் அவரைப் பூட்டினார்கள். வக்கீலாக வண்டியில் போய்வந்த மனிதர், எண்ணெய் மணக்கும் அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்தக் காட்சியைத் தமிழ்நாடு மறக்கவில்லை. பாடப்புத்தகம், திரைப்படம், சிலை என்று எல்லாவற்றிலும் அது நிலைத்துவிட்டது. ஆயினும் செக்கை விட்ட பிறகு மிஞ்சிய நேரத்தில் அவர் செய்ததுதான் நமது விஷயத்துக்கு நெருக்கமானது.

கோயம்புத்தூரிலும் கண்ணனூரிலுமாகக் கழிந்த சிறைவாசத்தில் அவர் படித்தார், எழுதினார், மொழிபெயர்த்தார். மனிதனின் வாழ்க்கை அவன் எண்ணங்களின் விளைவே என்று வற்புறுத்திய ஆங்கில ஆசிரியர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களில் ஒன்று 'மனம்போல வாழ்வு' என்றும், மற்றொன்று 'அகமே புறம்' என்றும் அவர் கையால் தமிழாயின. மாணவன், இல்லறத்தான், அரசன், அந்தணன் என்று மனிதனின் நிலைகளைப் படிப்படியாக ஆராயும் 'மெய்யறம்' என்ற நூலையும் அவர் இயற்றினார். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். ஆட்சியை எதிர்த்ததற்காகச் சிறைப்பட்டவர், அரசியலைப் பற்றி எழுதத் துணிந்தபோது, மாணவனிடமிருந்து தொடங்குகிறார். தன்னை ஆளக் கற்காதவன் பிறரை ஆளும் அதிகாரத்துக்கு வந்துசேரும் வழியை அந்நூலின் அமைப்பே அடைத்துவிடுகிறது.

சிறைக்குள் அடைக்கப்பட்ட எல்லாரும் இப்படி வளர்ந்துவிடுவதில்லை. அதே இருட்டும் அதே கூழும் சிலரை வெறுப்பில் இறுகச் செய்கின்றன, சிலரை ஒடித்துவிடுகின்றன. சிதம்பரம் பிள்ளையைக் காத்தது, நேர்ந்ததை எழுத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கம் என்று சொல்லத் தோன்றுகிறது. தன் வாழ்க்கை வரலாற்றையே அவர் செய்யுளாக எழுதிவைத்தார். யாப்பு அவசரத்தை அநுமதிப்பதில்லை. ஒரு சம்பவத்தைச் சீர்பிரித்து அடியில் அமைப்பதற்குள், கோபம் தணிந்து காரணம் தென்பட்டுவிடுகிறது.

1912 டிசம்பரில் வெளியே வந்தவரை வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. திருநெல்வேலி ஜில்லாவுக்குத் திரும்பத் தடை. சென்னையில் கடை வைத்துப் பிழைக்க வேண்டிய நிலை. அந்த வறுமைக்கு நடுவிலும் தொழிலாளர் சங்கப் பணி, திருக்குறள் மணக்குடவர் உரைப் பதிப்பு, தொல்காப்பிய இளம்பூரணர் உரைப் பதிப்பு என்று அவர் உழைத்துக்கொண்டே இருந்தார். 1920-இல் கல்கத்தா விசேஷ காங்கிரஸில் ஒத்துழையாமைத் தீர்மானத்தோடு உடன்படாமல் காங்கிரஸிலிருந்து விலகினார். 1927-இல் சேலம் ஜில்லா அரசியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்து மீண்டும் பொதுமேடைக்கு வந்தார். விலகும்போதும் காரணத்தைச் சொன்னார்; திரும்பும்போதும் தம் கொள்கைகளை விரிவான தலைமையுரையாக முன்வைத்தார். கட்சி மாறுவது ஒரு ராத்திரிச் சமாசாரமாகிவிட்ட நாளில், கருத்து மாறுவதற்கும் கட்சி மாறுவதற்கும் உள்ள பேதத்தை உணர அந்த ஏழாண்டு இடைவெளி உதவும்.

சன்னதைத் திரும்பப் பெற உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டவர் அவர். ஓர் ஆங்கிலேயரின் தீர்ப்பால் செக்கிழுத்த மனிதர், ஆங்கிலேயர் அனைவரையும் அந்தத் தீர்ப்பின் கணக்கில் எழுதவில்லை. வெற்றிவேற்செழியன் தவறிய இடத்தில் அவர் தவறவில்லை.

---

பெட்டிச் செய்தி: வ.உ.சி.யின் இரண்டாம் பாதி

• 1911: சுதேசிக் கப்பல் கம்பெனி கலைப்பு

• 1912 டிசம்பர்: விடுதலை, சென்னை வாசம்

• 1920: காங்கிரஸிலிருந்து விலகல்

• 1927: சேலம் ஜில்லா அரசியல் மாநாட்டுத் தலைமை

• 1932: கோவில்பட்டியில் வக்கீல் தொழில் நடத்தியபின் தூத்துக்குடிக்குத் திரும்பினார்

• 1935: திருக்குறள் அறத்துப்பாலுக்குத் தம் உரை வெளியீடு

• 1936 நவம்பர் 18: தூத்துக்குடியில் மறைவு

---

கல்லில் எழுதியவன், பத்திரிகையில் எழுதியவர்

உலக வரலாற்றில் ஆட்சியாளன் ஒருவன் பகிரங்கமாகச் செய்த ஆத்ம பரிசோதனைகளில் தலையாயது அசோகனுடையது. கலிங்கப் போரில் ஒரு லட்சம் பேர் மாண்டதையும் ஒன்றரை லட்சம் பேர் நாடுகடத்தப்பட்டதையும் தானே எண்ணிச் சொல்லி வருந்தும் அவனது பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு, பாண்டியரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் அந்தக் கல்வெட்டு கலிங்க நாட்டிலேயே, தௌலியிலும் ஜௌகடாவிலும், பொறிக்கப்படவில்லை. அதற்குப் பதில் அங்கே வேறு ஆணைகள் உள்ளன. வருத்தம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. காயம்பட்டவர் முன்னிலையில் மட்டும் அது வாசிக்கப்படவில்லை. அரசியல் காரணம் எதுவாயினும், தலைவர்களின் மனவருத்தம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

காந்தியடிகள் 1919-இல் ஒரு படி மேலே போனார். சத்தியாக்கிரகம் கலவரமாக மாறியபோது, மக்களைப் பக்குவப்படுத்துமுன் சட்டமறுப்புக்கு அழைத்தது தம்முடைய இமாலயத் தவறு என்று குஜராத்தில் நடந்த பொதுக்கூட்டத்தில் சொல்லி, இயக்கத்தை நிறுத்திவைத்தார். பின்னர்த் தம் பத்திரிகையில் வெளியான சுயசரிதையிலும் அதை மறைக்காமல் எழுதினார். கவனிக்க வேண்டியது, அந்த ஒப்புதலுக்கு அடுத்த வேலை: சத்தியாக்கிரகத்தின் பொருளை மக்களுக்கு விளக்கத் தொண்டர்களைத் திரட்டிப் பழக்கும் பணியில் அவர் இறங்கினார். பிழையை ஒப்புக்கொள்வது நல்ல குணம். அந்த ஒப்புதலால் நடைமுறை மாறினால்தான் அது தலைமை.

வெள்ளம் வடிந்த பிறகு

மறுபடி தாமிரபரணிக் கரைக்கு வருவோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வானம் பிளந்துகொண்டதுபோல் மழை கொட்டியது. 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செண்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. குளங்கள் உடைந்தன, ஏரல் கடைத்தெருவுக்குள் ஆறு புகுந்தது, கொற்கையைச் சுற்றிய வாழையும் நெல்லும் நீருக்குள் போயின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில், சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. இரவில், மழைக்குள், வண்டியைப் போகவிடாமல் நிறுத்திய ஒரு ரயில் நிலையத்தின் தீர்மானம் நூற்றுக்கணக்கான உயிர்களைக் காத்தது. பக்கத்துப் புதுக்குடி ஊர்மக்கள், தம் வீட்டு அடுப்பே நனைந்திருந்த நிலையில், கோயிலில் உலை ஏற்றி முன்பின் அறியாத பயணிகளுக்குச் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்த நாட்களில் தலைமை என்பது பதவிப் பெயர் தாங்கியவர்களிடம் மட்டும் இருக்கவில்லை.

இனி, அந்த அநுபவம் என்ன ஆயிற்று என்று பார்க்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் முதியவர்கள் எவரிடம் வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலும், 'தொண்ணூத்திரண்டுலயும் இப்படித்தான் வந்துச்சு' என்று தொடங்குவார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தில் எந்த மடை முதலில் தாங்காமல் போயிற்று, எந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு ஏறிற்று, எந்த மேட்டில் ஆடுமாடுகளைக் கட்டினார்கள் என்பதெல்லாம் அவர்கள் நினைவில் இருக்கிறது. ஊராட்சி அலுவலகத்தின் அலமாரியில் அது இருக்கிறதா என்பதே கேள்வி. தூத்துக்குடி மாவட்டத்தில் 2019 டிசம்பர்த் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்கள், ஒரே பதவிக் காலத்தில் கொரோனாவையும் இந்த வெள்ளத்தையும் எதிர்கொண்டவர்கள். எத்தனையோ பயிற்சி வகுப்புகள் தரமுடியாத கல்வியை அந்த ஐந்தாண்டு அவர்களுக்குத் தந்தது. அவர்களில் பலர் மறுபடியும் அந்த நாற்காலிக்கு வராமலே போகலாம். அப்படிப் போகும்போது அவர்கள் கற்றதும் அவர்களோடு வீட்டுக்குப் போய்விட்டால், அடுத்த வெள்ளம் புதிய தலைவர் ஒருவரை முதல் வகுப்பிலிருந்து மீண்டும் தொடங்கவைக்கும்.

'எல்லாம் கலெக்டர் பாத்துக்கிடுவாக' என்று விட்டுவிடுகிற மனோபாவத்துக்கும், 'போன தடவை அவன்தான் கெடுத்தான்' என்று ஒருவனைச் சுட்டுகிற மனோபாவத்துக்கும் நடுவே, மூன்றாவதாக ஒரு வழி உண்டு. வெள்ளம் வடிந்த ஒரு மாதத்துக்குள், மடையைக் கவனிக்கிறவர், படகு தந்த மீனவர், அங்கன்வாடி ஊழியர், பாதிக்கப்பட்ட வீட்டுப் பெண்கள் ஆகிய எல்லாரையும் ஒரு கூரையின்கீழ் உட்காரவைத்து, எந்த மணியில் எந்தச் செய்தி வந்தது, எந்தச் செய்தி வராமல் போயிற்று, யார் தீர்மானித்தார், அந்தத் தீர்மானம் எதனால் தாமதப்பட்டது என்று யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் பேசி, பேசியதைப் பதிவேட்டில் எழுதுவதே அது. இதற்குப் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டியதில்லை. கிராம சபை என்ற மன்றம் கையிலேயே இருக்கிறது.

---

பெட்டிச் செய்தி: ஊர் கூடிச் சிந்திக்கும் நாட்கள்

தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22 (உலகத் தண்ணீர் தினம்), மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 (உள்ளாட்சி தினம்). வரவு செலவும் திட்டப் பணிகளும் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் கேள்வி கேட்கலாம்.

---

எதைக் கேட்பது?

அநுபவம் எல்லாருக்கும் வருகிறது. கிழட்டு வயதும் எல்லாருக்கும் வருகிறது. இரண்டையுமே விவேகம் என்று மயங்கிக்கொள்வது நம் பொதுவாழ்வின் பழைய நோய். நெடுஞ்செழியனுக்குப் பிழை தெரிந்தது, திருத்த ஆயுள் இல்லை. வெற்றிவேற்செழியனுக்கு ஆயுள் இருந்தது, பிழை எதுவென்று தெரியவில்லை. அசோகனுக்கு இரண்டும் இருந்தும், காயம்பட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்லும் துணிவு வாய்க்கவில்லை. சிதம்பரம் பிள்ளையோ பதவியும் பணமும் கம்பெனியும் போன பின்னர், கையில் எஞ்சிய எழுதுகோலைக் கொண்டு தம்மையே படித்து, படித்ததைப் பிறர்க்கும் விட்டுச்சென்றார். பதவி இருக்கும்போதே இதைச் செய்யத் தலைவர்களைப் பழக்குவது மக்களின் கையில் இருக்கிறது.

வாக்குக் கேட்டு வாசலில் வந்து நிற்பவரிடம், என்ன சாதித்தீர்கள் என்று கேட்பதே நம் வழக்கம். அந்தக் கேள்விக்கு அவர் நோட்டீஸ் அடித்துத் தயாராக வைத்திருக்கிறார். இனி, போன தடவை எதில் தவறினீர்கள், அதற்குப் பிறகு எதை மாற்றினீர்கள், அதை எந்தப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். பொற்கொல்லன் ஒருவனைக் கைகாட்டுகிறவர் யார், கணக்கைத் திறந்து காட்டுகிறவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிடும். வாக்கை யாருக்குப் போடுவது என்பதும்.